அறக்கட்டளை என்றும் போலீஸ் என்றும் வரும் போன் தொல்லையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

"ஒரு நாளைக்கு ஏழெட்டு போன் வருகிறது, பாதி நன்கொடை கேட்டு, பாதி மோசடி, மனசு கேட்காமல் எடுத்துவிடுகிறேன்" என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். அந்த 'மனசு கேட்காமல்' என்பதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். நீங்களும் என்னைப் போல ரிட்டயர் ஆகி, பகலில் வீட்டில் தனியாக இருப்பவராகத்தான் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் தெரியாத நம்பரை எடுப்பதே இல்லை. என் மகள் நான் கூப்பிட்டாலே எடுப்பதில்லை.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். இணைய மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு அடியுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

நான் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன். "மன்னார்குடி வண்டி எப்ப சார்", "மாயவரம் போயிடுச்சா சார்" என்று ஒரு நாளைக்கு முந்நூறு பேர் கேட்பார்கள். கடைசி ஆள் வரைக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்கு வராது. என் மனைவி நேர்மாறு. போன் என்பது தனக்குத் தேவைப்படும்போது மகளைக் கூப்பிட மட்டும்தான் என்பது அவள் கொள்கை. வருகிற போனை அவள் எடுத்து நான் பார்த்ததில்லை. அது பாட்டுக்கு சமையலறை மேடையில் மிளகாய்த்தூள் டப்பா பக்கத்தில் அடித்து ஓயும்.

2023 ஆடி அமாவாசை வாக்கில் ஒரு பெண் கூப்பிட்டாள். சென்னையில் ஒரு டிரஸ்ட், மூன்று வயதுக் குழந்தைக்கு இதய ஆபரேஷன், ஆறு லட்சத்தில் நாலு லட்சம் சேர்ந்துவிட்டது, "உங்களால முடிஞ்சது சார், நூறு ரூபான்னாகூட போதும்". பின்னாடி இன்னும் நாலைந்து குரல்கள் அதே வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. விழுந்தும் ஐந்நூறு அனுப்பினேன். என் அம்மா திதி பக்கத்தில் இருந்தது, அதுவும் ஒரு காரணம்.

ஐந்நூறு போனது பெரிதில்லை. நான் கொடுக்கிற ஆள் என்பது எப்படியோ ஊருக்கே தெரிந்துவிட்டது. அடுத்த மாதமே முதியோர் இல்லம், பார்வையற்றோர் பள்ளி, கோசாலை, அன்னதானம் என்று வரிசையாக வந்தார்கள். எல்லாரும் என் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். இது வேறு யாருக்காவது நடந்திருந்தால், ஒரு தடவை பணம் கொடுத்த நம்பர் கைமாறிக்கொண்டே இருக்கும் என்று நானே சொல்லியிருப்பேன்.

முதலில் கூப்பிட்ட பெண் மட்டும் மாதா மாதம் விடாமல் கூப்பிட்டாள். மூன்றாவது மாதத்தில் 'சார்' போய் 'அப்பா' ஆனது. "சாப்டீங்களாப்பா? அம்மாவுக்கு முட்டிவலி பரவால்லயா?" என்று கேட்பாள். மனைவியின் முட்டிவலியைப் பற்றி நான்தான் சொல்லியிருக்கிறேன், வேறு யார். சில மாதம் இருநூறு, சில மாதம் ஒன்றுமில்லை. ரசீது வாட்ஸாப்பில் வரும். ஒரு நாள் மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "80ஜின்னு போட்டிருக்கு, பதிவு எண் போடுற இடம் காலியா இருக்கேப்பா" என்றாள். 80ஜி என்பது அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கு வரிக்கழிவு தந்த பிரிவு. பதிவு செய்த அறக்கட்டளை என்றால் வருஷ முடிவில் 10பிஇ என்று ஒரு சான்றிதழ் தர வேண்டுமாம், ரொக்கமாகக் கொடுத்தால் 2000 ரூபாய்க்கு மேல் வரிக்கழிவு கிடையாதாம், புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே இல்லையாம். கழிவு வாங்கும் அளவுக்கு எனக்கு வருமானம் இல்லை, அது வேறு. ஆனால் அதற்குப் பிறகுதான் ரசீதை ஒழுங்காகப் பார்த்தேன். முகவரியில் தெருப் பெயர் இருந்தது, கதவு எண் இல்லை.

இனி நான் அசடு வழிந்த கதை. "படித்தவர் இப்படி ஏமாறுவாரா" என்று கமென்ட் எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலிப் பேச்சில் வீடியோ காலிலேயே கைது என்று மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவும் இல்லை என்று சொன்னார். பேப்பரில் அதைப் படித்துவிட்டு டீக்கடையில் நாலு பேருக்கு விளக்கிச் சொன்னவன் நான்.

மூன்றே மாதம். 2025 ஜனவரி, பொங்கல் முடிந்த அடுத்த வாரம், காலை பத்தரை மணி. மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தொலைபேசி கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் டிராய் ஆணையத்திலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், விவரம் அறிய 9-ஐ அழுத்தவும் என்று பதிவு செய்த குரல். அழுத்தினேன். வடநாட்டுத் தமிழில் ஒருவர் பேசினார். என் ஆதாரை வைத்து மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்களாம், அந்த எண்ணில் பணமோசடி நடந்திருக்கிறதாம். அப்புறம் வாட்ஸாப் வீடியோவுக்கு மாற்றினார்கள். காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரம், பின்னால் தேசியக் கொடி. ஆதார் எண்ணைப் பிசகாமல் சொன்னார்கள். அந்த இடத்தில்தான் எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது.

எதற்குத் தெரியுமா? ஜெயிலுக்கு இல்லை. எங்கள் தெருவில் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றால் எதிர்வீட்டு வாத்தியார் என்ன நினைப்பார் என்பதற்கு. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவன் நான்.

கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள் என்றார்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள். பஸ் எப்போது என்று கேட்டால் சொல்வதைப் போல, சேமிப்புக் கணக்கில் இவ்வளவு, டெபாசிட்டில் ஒன்பது லட்சம் என்று சொல்லிவிட்டேன். முதலில் சரிபார்ப்புக்கு என்று 48,500 ரூபாய் கேட்டார்கள். விசாரணை முடிந்ததும் திரும்ப வந்துவிடும் என்றார்கள். ஜிபேயில் அனுப்பினேன். பின் நம்பரை அடிக்கும்போது விரல் ஒரு எண் தள்ளிப் பட்டுத் தவறாகிவிட்டது. "மெதுவா சார், டென்ஷன் ஆகாதீங்க" என்றார் அந்தக் காக்கிச் சட்டை. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருவது அந்த ஒரு வரிக்குத்தான்.

அடுத்தது டெபாசிட். பேங்குக்குப் போய் உடைக்க வேண்டும், போனைக் கட் பண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போக வேண்டும், மேனேஜர் கேட்டால் மகள் வீடு வாங்குகிறாள் என்று சொல்ல வேண்டும். சட்டை மாட்டி, பாண்டு பத்திரத்தை மஞ்சப்பையில் வைத்து, செருப்பில் காலை நுழைக்கிறேன், பையில் போன் அதிர்கிறது. எடுத்துப் பார்த்தால் நடுவில் இன்னொரு அழைப்பு. நான்தான் எந்தப் போனையும் எடுக்காமல் விடுகிற ஆள் இல்லையே. பச்சையைத் தள்ளினேன்.

"அப்பா, நல்லாருக்கீங்களா? இந்த மாசம் தைப்பூசத்துக்கு அன்னதானம்..."

அவள்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "போலீஸ் லைன்ல இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்றேன்.

"எந்த போலீஸுப்பா?"

"மும்பை."

ஒரு நொடி பேச்சே இல்லை. பின்னாடி அந்த மற்ற குரல்கள் மட்டும் கேட்டன. அப்புறம் அவள், இதுவரை பேசாத ஒரு குரலில், "அப்பா, அது பிராடு. கட் பண்ணுங்க. எங்க ஆபீஸ் அக்கா ஒருத்தங்களுக்கு இதே மாதிரி வந்துச்சு. பணம் எதுவும் போட்டீங்களா? போட்டிருந்தா உடனே 1930-க்கு அடிங்க, என்கிட்ட பேசிட்டு இருக்காதீங்க" என்று சொல்லி அவளே வைத்துவிட்டாள். அந்த நம்பர் எனக்குத் தெரியாது என்று இல்லை. டீக்கடையில் நானே சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் தலைக்குள் இல்லை, அவ்வளவுதான்.

பணம் போய் அரை மணி நேரத்துக்குள் 1930-இல் சொல்லிவிட்டேன். அவர்கள் கேட்பது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், எந்த பேங்க். அதைக் கையில் வைத்துக்கொண்டு அடியுங்கள், நான் தேடித் தடுமாறியதில் ஐந்து நிமிஷம் போனது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அது எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்குவதுதான் அவர்கள் வேலை. என் விஷயத்தில் 31,000 சிக்கியது. கோர்ட் உத்தரவு வாங்கி அது திரும்பி வர ஐந்து மாதம் ஆனது. மீதி 17,500 போனது போனதுதான்.

இதை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஈரோட்டில் இருக்கும் என் மைத்துனர் காதுக்கு எப்படியோ போய், வைகாசியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு "மாமா, மும்பை போலீஸ் விட்டுட்டாங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். சாம்பார் ஊற்றிய பையன்கூடச் சிரித்தான். அவர் யார் தெரியுமா? ஈமு கோழியில் ஒன்றரை லட்சம் போட்டவர். பெருந்துறைப் பக்கம் 2012-இல் ஈமு பண்ணைகள் வரிசையாகச் சரிந்ததே, அதில். அந்த ஒன்றரை லட்சத்தில் நாற்பதாயிரம் என்னுடையது. கோழிகளுக்குத் தீவனம் போட ஆளில்லாமல் பட்டினி கிடந்ததைப் பேப்பரில் பார்த்தபோது எனக்கு என் நாற்பதாயிரம்தான் கண்ணில் தெரிந்தது. பதிமூன்று வருஷமாக நான் எந்தப் பந்தியிலும் "மச்சான், கோழி முட்டை போட்டுதா" என்று கேட்டதில்லை. அவர் இதைப் படிக்க மாட்டார், படித்தாலும் சரி.

கேள்விக்கு வருகிறேன். 1909-க்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு 0 போட்டு அனுப்பினால் விளம்பர அழைப்புகள் நிற்க வேண்டும். எனக்கு லோன் அழைப்புகள் பெருமளவு நின்றன. டிரஸ்ட் அழைப்புகள் நிற்கவில்லை, ஏனென்றால் அவர்கள் பேசுவது நம்மைப் போன்ற சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து. விளம்பரத்துக்கு என்று 140-இல் தொடங்கும் எண்களும், பேங்க் போன்ற இடங்களுக்கு 1600-இல் தொடங்கும் எண்களும் ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரண எண்ணிலிருந்து விற்க வருகிறவர்கள் மேல் ஏழு நாளுக்குள் அதே 1909-இல் புகார் செய்யலாம். மோசடி என்று தோன்றினால், பணம் இன்னும் போகாத நிலையில், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் பதியலாம். பதியும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு வேலையாகவே உட்கார்ந்து செய்கிறேன்.

நம்பரை பிளாக் செய்வது வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாளைக்கு அதே குரல் வேறு நம்பரில் வரும். எனக்கு உதவியது வேறு. பேச்சின் நடுவில், எதிராளி வாக்கியத்தை முடிப்பதற்கு முன்னால், போனை வைக்கப் பழகியதுதான். சிரிக்காதீர்கள், இதைப் பயிற்சி செய்தேன். மகளைக் கூப்பிடச் சொல்லி, அவள் "அப்பா, நான் சொல்றதைக் கொஞ்சம்" என்னும்போது வைப்பேன். முதல் நாலு தடவை வைத்த பிறகு திரும்பக் கூப்பிட்டு "கோச்சுக்காதேம்மா" என்று சொல்லித் தொலைத்தேன். மோசடிக்காரனுக்குத் தேவை நம் ஓடிபியோ பின் நம்பரோ இல்லை, அதெல்லாம் கடைசியில். முதலில் அவனுக்கு வேண்டியது நாம் லைனில் நிற்பது. என்னை ஒரு மணி நேரம் நிற்க வைத்தது என் மரியாதைதான். அந்த மரியாதையை வளர்த்துவிட்டது மாதா மாதம் வந்த டிரஸ்ட் போன்கள். அந்தப் போன்தான் காப்பாற்றவும் செய்தது என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அப்படியானால் எல்லா டிரஸ்ட்டும் திருட்டா, ஏழைகளுக்கு உதவுவது தப்பா" என்று யாராவது கிளம்புவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. போனில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்கள், அவர்களைத் திட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. திட்டாமலும் வைக்கலாம்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டாள். பணம் கேட்கவில்லை, "சரியாயிடுச்சாப்பா" என்று மட்டும் கேட்டாள். மூன்றாவது தடவை அன்னதானம் என்றாள். போனில் கொடுப்பதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். அவளுக்காக மட்டும் ஒரு ஐந்நூறு அனுப்பவா என்று கேட்டேன். "எனக்கெல்லாம் வேணாம்பா" என்று வைத்துவிட்டாள். அந்த டிரஸ்ட் நிஜமா பொய்யா என்று விசாரித்திருக்கலாம், மகள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் விசாரிக்கவில்லை.

இந்த வருஷம் அம்மா திதிக்கு இருபத்தைந்து கிலோ பொன்னி அரிசி மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, தஞ்சாவூர் ரோட்டில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்கு நேரில் போனேன். தாத்தாக்கள் இரண்டு பேர் திண்ணையில் ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். மூட்டையை இறக்கியதும் வார்டன் அம்மா பெரிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, பெயர், முகவரி எல்லாம் எழுதிக்கொண்டு, "போன் நம்பர் சொல்லுங்க ஐயா, விசேஷம்னா கூப்பிடுவோம்" என்றார்.

மனைவியின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.