‘என்னால் குழி தோண்டப்பட்டது’

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், மரக்கன்று நட்டதைப் பற்றிய கட்டுரையில், ‘என்னால் குழி தோண்டப்பட்டது, என்னால் கன்று நடப்பட்டது’ என்று எழுதியிருக்கிறாள். கேட்டால், செயப்பாட்டுவினையில் எழுதினால்தான் கட்டுரைக்குக் கம்பீரம் வரும் என்கிறாள். இது சரியா? தேர்விலும் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொல்கிறார்களே?

பதில்: உங்கள் மகளின் வாக்கியங்களில் இலக்கணப் பிழை இல்லை. செயப்படுபொருள் எழுவாயாகியிருக்கிறது, செய்தவர் ‘ஆல்’ உருபு ஏற்றிருக்கிறார், வினையோடு ‘படு’ சேர்ந்திருக்கிறது. ‘மாற்றி எழுதுக’ என்ற வினாவுக்கு முழு மதிப்பெண் உண்டு. அது இலக்கணப் பயிற்சி; அவசியம் படிக்கட்டும். ஆனால், கட்டுரைக்கு அந்த நடை வேண்டாம்.

நான் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள். ஒரு மாணவன், ‘என் பாட்டியால் எனக்குக் கதைகள் சொல்லப்பட்டன’ என்று எழுதி, அதற்கு மேல் ஒரு வரியும் ஓடாமல் உட்கார்ந்திருந்தான். “எழுத வேண்டாம், என்னிடம் சொல்” என்றேன். “பாட்டி எனக்குக் கதை சொல்வார்” என்று தொடங்கியவன், நரி வேடமிட்டுப் பாட்டி குரலை மாற்றுவது, பாதியில் அவர் தூங்கிவிடுவது, இவன் உலுக்கி எழுப்புவது என்று நிறுத்தவே இல்லை. பாட்டியை எழுவாயாக்கியதும் பாட்டி வந்துவிட்டார். அன்றிலிருந்து இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

செயப்படுபொருளுக்கு முதன்மை தரத்தான் செயப்பாட்டுவினை என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குத் தேவை அதிகம். அங்கே சொற்களை இடம் மாற்றினால் பொருளே மாறிவிடும். தமிழில் ‘ஐ’ உருபு இருக்கிறது. ‘இந்தக் கன்றை நான்தான் நட்டேன்’ என்றால் கன்று முன்னே வந்துவிடுகிறது, நட்டவரும் மறையவில்லை.

செய்தவர் யாரென்று தெரியாதபோதும், அது முக்கியமில்லாதபோதும் செயப்பாட்டுவினை அழகாகப் பொருந்தும். ‘கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்டது’, ‘கரைசல் வடிகட்டப்பட்டது’ போன்றவற்றை நான் திருத்தவே மாட்டேன். இவற்றில் ‘ஆல்’ இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘என்னால்’, ‘அம்மாவால்’ என்று எழுதக் கை போனால் செய்வினைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதே என் மாணவர்களுக்கு நான் சொன்ன வழி. (‘என்னால் எழுத முடியவில்லை’ என்பது வேறு, அதில் ‘ஆல்’ இருந்தாலும் அது செயப்பாட்டுவினை இல்லை.) ‘விழா நடைபெறப்பட்டது’ என்பதோ வெறும் பிழை, நடைபெற்றது என்றாலே போதும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கம்தான் என்கிறது தொல்காப்பியம். ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரையாசிரியர்கள் தந்த எடுத்துக்காட்டு. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது; ஆனாலும் நமக்குப் புரிகிறது. இன்றும் ‘கதவு பூட்டியிருந்தது’ என்கிறோமே, அதற்கும் இதற்கும் உறவு உண்டு. எத்தனை எளிமை! ‘பூட்டப்பட்டிருந்தது’ என்று நீட்டுவதால் கம்பீரம் எதுவும் கூடுவதில்லை.

கட்டுரையைத் திருத்துவதற்கு முன், குழி தோண்டியபோது மண் எப்படி இருந்தது, கை வலித்ததா என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொல்வதை அந்த வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள்.