வானியல் முனைவர் ஆய்வில் முதல் வருடம்: வாசகர் கேள்விகள்

தினமும் ஆர்க்சைவ் என்ற இணையக் கட்டுரைக் களஞ்சியத்தில் வந்து குவியும் கட்டுரைகளைப் படிக்கவே நேரம் போதவில்லை. என்ன செய்வது?

எல்லாவற்றையும் படிக்க யாராலும் முடியாது. காலையில் தலைப்புகளை மட்டும் ஓட்டமாகப் பார்த்து, இரண்டு மூன்றைத் திறந்தால் போதும். மீதி வேலையை ஏடிஎஸ் தேடுதளத்திடம் விடுங்கள். நாசாவின் நிதியில் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் நடத்தும் இலவசத் தளம் அது. உங்கள் தலைப்பைச் சொல்லி, அதில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ரிவ்யூ கட்டுரைகளை (ஒரு துறையின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவை) தேடுங்கள். ஒன்றை முழுதாகப் படியுங்கள். அப்புறம் அதை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலுக்குள் போங்கள். துறையின் நிகழ்காலம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் குறிச்சொற்களைப் பதிந்துவைத்தால் புதிய கட்டுரைகள் மின்னஞ்சலில் வந்துவிடும்.

ஐரோப்பிய விண்வெளித் தொலைநோக்கியான கையாவின் தரவிலிருந்து விண்மீன்களின் தூரம் எடுக்கிறேன். 1-ஐப் பாரலாக்ஸால் (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோலத் தெரியும் கோணம்) வகுத்தால் போதும் என்கிறார் சீனியர். சரியா?

பக்கத்து விண்மீன்களுக்குச் சரி, தொலைவில் உள்ளவற்றுக்குச் சரியில்லை. பாரலாக்ஸ் 5 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு), பிழை 0.02 என்றால் தூரம் 200 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). கவலையே வேண்டாம். பாரலாக்ஸ் 0.2, பிழை 0.1 என்றால்? வகுத்தால் 5 கிலோபார்செக் வரும். ஆனால் அந்தப் பிழைக்குள்ளேயே தூரம் 3.3 கிலோபார்செக்காகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் விரியவில்லை, பாருங்கள். எதிர்மறை பாரலாக்ஸ்களும் தரவில் நிறைய உண்டு. அவை தவறானவை அல்ல. அளவீட்டுப் பிழை உண்மை மதிப்பைவிடப் பெரிதாக இருப்பதன் விளைவு. அவற்றைத் தூக்கி எறிந்தால் உங்கள் மாதிரியே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஆகவே பெய்லர்-ஜோன்ஸ் குழு 2021-இல் வெளியிட்ட தூர அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள்; ஏறக்குறைய 147 கோடி விண்மீன்களுக்கு அதில் தூரமும் பிழை வரம்பும் இருக்கின்றன. அவர்கள் பால்வீதியைப் பற்றி என்ன முன்னனுமானம் வைத்தார்கள் என்பதையும் படியுங்கள், ஏனென்றால் தரவு பலவீனமான இடத்தில் அந்த அனுமானம்தான் பேசும். நேரடியாகப் பாரலாக்ஸையே பயன்படுத்துவதாக இருந்தால், கருவி அளவீடுகளில் சேர்க்கும் சிறு சாய்வை நீக்கும் சுழிப்புள்ளித் திருத்தம் அவசியம். மிகத் தொலைவில் இருப்பதால் பாரலாக்ஸே தெரியாத குவாசர்களை வைத்துப் பார்த்தால் அந்தச் சாய்வு சராசரியாக மைனஸ் 17 மைக்ரோ ஆர்க்செகண்ட். ஆனால் பிரகாசம், நிறம், வானில் இடம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். இதற்கான பைத்தான் நிரலைக் கையா குழுவே கொடுத்திருக்கிறது. ஒற்றை விண்மீன் என்ற மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ‘ரூவே’ மதிப்பு 1.4-ஐத் தாண்டினால் இரட்டை விண்மீனா என்று சந்தேகப்படுங்கள்.

கையாவின் மூன்றாவது தரவு வெளியீட்டில் சுமார் 180 கோடி மூலங்கள் இருப்பதால் மொத்தமாக இறக்க முயலாதீர்கள். ஏடிக்யூஎல் என்ற வினவல் மொழியில் முதலில் 100 வரிசை மட்டும் கேட்டு, டாப்கேட் என்ற அட்டவணை மென்பொருளில் வரைந்து பாருங்கள். அரைகுறை வினவல் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஒரு புறக்கோள் (வேறு விண்மீனைச் சுற்றும் கோள்) தன் விண்மீனின் முன்னால் கடக்கும் நேரம் எங்கள் தொலைநோக்கியில் ஒன்று, நாசாவின் டெஸ் விண்கலத் தரவில் இன்னொன்று. ஏழு நிமிட வித்தியாசம். வேறொரு கோள் இழுக்கிறதோ?

இருக்கலாம். ஆனால் முதலில் கடிகாரத்தைச் சோதியுங்கள். டெஸ் தரும் நேரம் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்குத் திருத்தப்பட்ட ஜூலியன் நாள் (நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் முறை); அதிலிருந்து 2457000 கழிக்கப்பட்டிருக்கும். உங்கள் ஃபிட்ஸ் கோப்பின் (வானியல் படங்களுக்கான கோப்பு வடிவம்) ஹெடரில் இருப்பது பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரம், அதுவும் படம் எடுக்கத் தொடங்கிய நேரம். பூமி சுற்றுப்பாதையில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒளி வந்து சேரும் நேரம் 8 நிமிடத்துக்கும் சற்று அதிகமாகக் கூடவோ குறையவோ செய்யும். யூடிசிக்கும் டெஸ் பயன்படுத்தும் டிடிபி என்ற நிறைமைய நேர அளவுக்கும் 69 விநாடி இடைவெளி வேறு. அஸ்ட்ரோபை என்ற பைத்தான் தொகுப்பின் நேரப் பகுதியில் இரண்டு திருத்தங்களும் உண்டு. படமெடுத்த காலத்தில் பாதியைக் கூட்டவும் மறக்காதீர்கள். எல்லாம் செய்த பிறகும் வித்தியாசம் நின்றால் உடனே உங்கள் கைடிடம் போங்கள்.

ஐராஃப் என்ற பழைய வானியல் தரவு மென்பொருளைக் கற்க வேண்டுமா?

புதிதாகத் தொடங்குபவருக்கு வேண்டாம். அதை உருவாக்கிய ஆய்வகம் மேம்பாட்டை நிறுத்திப் பல வருடங்கள் ஆயின. இப்போது தன்னார்வலர்கள்தான் காப்பாற்றி வருகிறார்கள். அஸ்ட்ரோபையும் அதைச் சேர்ந்த தொகுப்புகளும் போதும். ஆய்வகத்தில் பழைய ஐராஃப் ஸ்கிரிப்ட் இருந்தால் அதைச் சமையல் குறிப்புபோல வாசித்து, ஏன் அந்த வரிசையில் செய்தார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். எந்த நிரலை ஓட்டும் முன்பும் மூலப் படத்தை டிஎஸ்9 என்ற படம் பார்க்கும் மென்பொருளில் திறந்து கண்ணால் பாருங்கள்.

மாணவர்களுக்குத் தொலைநோக்கி நேரம் கிடைக்குமா?

கிடைக்கும். லடாக்கில் உள்ள ஹான்லேயின் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி, காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி, புனே அருகே 30 ஆன்டெனாக்கள் கொண்ட ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி ஆகியவற்றில் நேரம் விண்ணப்பம் வழியாகவே ஒதுக்கப்படுகிறது. மாணவர் தனியாக விண்ணப்பிக்கலாமா, நெறியாளர் பெயர் வேண்டுமா என்பதை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள்.

நல்ல அறிவியல் யோசனைகள் விண்ணப்பத்தின் தொழில்நுட்பப் பக்கத்தில் விழுந்துவிடுவதுதான் வருத்தம். இலக்கு அந்த மாதத்தில் எத்தனை மணி நேரம் போதிய உயரத்தில் நிற்கும், நிலவு எங்கே இருக்கும், எவ்வளவு நேரம் ஒளியைச் சேர்த்தால் தேவையான துல்லியம் வரும்? மூன்றுக்கும் எண்களோடு பதில் எழுதுங்கள். அஸ்ட்ரோபிளான் என்ற பைத்தான் தொகுப்பு முதல் இரண்டுக்கு உதவும். காவலூர் என்றால் பருவமழையையும் கணக்கில் எடுங்கள்; அது இருக்கும் ஜவ்வாது மலைக்கு இரண்டு பருவமழையும் எட்டும், ஆண்டின் தொடக்க மாதங்கள்தான் நம்பகமானவை. நிராகரித்தால் குழு காரணம் எழுதியிருக்கும். அதற்குப் பதில் சேர்த்து அடுத்த சுற்றில் அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்புங்கள்.