ஐந்து லோகோ தாண்டினால்தான் விளையாட்டா?

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய கேம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஐந்தாறு லோகோக்கள் வரிசையாக வருகின்றன. அதிலும் ஏதோ ஒலித் தொழில்நுட்பக் கம்பெனியின் லோகோ, எந்த பட்டனை அழுத்தினாலும் நகர்வதில்லை. காசு கட்டிய பிறகும் எதற்கு விளம்பரம்? கணினியில் இதை எடுத்துவிட முடியுமா? எடுத்தால் பிரச்சினை வருமா?

பதில்: எடுத்துவிடலாம், பெரும்பாலும். ஆனால் அந்த ஒலிக் கம்பெனி லோகோவை விளம்பரம் என்பதைவிட வாடகை என்று சொல்வதே பொருத்தம்.

கேமில் ஒருவன் மரப்பலகைமேல் நடந்தால் ஒரு சத்தம், சேற்றில் நடந்தால் வேறு சத்தம். குகைக்குள் போனால் அதே காலடி எதிரொலிக்க வேண்டும். எதிரி கண்ணில் பட்டதும் இசை சூடுபிடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் நூறு ஒலிகள் முண்டியடிக்கும்போது எதைக் கேட்கவைப்பது, எதை அடக்குவது என்று பார்த்துக்கொள்ளத் தனி மென்பொருள் தேவை. அதைச் சொந்தமாக எழுதிக்கொண்டிருந்தால் கேம் எப்போது வெளிவருவது? அதனால் ஸ்டூடியோக்கள் ரெடிமேடாக உரிமம் வாங்கிக்கொள்கின்றன. கனடாவின் மான்ட்ரியலில் உள்ள ஆடியோகைனெட்டிக் கம்பெனியின் ‘வைஸ்’ அப்படி ஒன்று. 2019-ல் அந்தக் கம்பெனியையே சோனி வாங்கிவிட்டது. இன்னொன்று ஆஸ்திரேலியாவின் ஃபயர்லைட் டெக்னாலஜிஸ் தரும் ‘எஃப்மாட்’. ‘விட்சர் 3’ கேமின் ஒலி வைஸில் ஓடுகிறது, ‘செலஸ்ட்’ கேமின் ஒலி எஃப்மாடில்.

இந்த உரிமத்துக்கான விலையில் ஒரு பகுதி பணம், ஒரு பகுதி பெயர். சின்ன பட்ஜெட் கேம்களுக்கு எஃப்மாட் இலவசம்தான், ஆனால் எஃப்மாடின் பெயரைப் போட்டாக வேண்டும். கேம்களையே உருவாக்க உதவும் மென்பொருளான யூனிட்டி எஞ்சினிலும் 2024-ல் யூனிட்டி 6 வரும்வரை இதே கதை: இலவசப் பதிப்பில் செய்த கேம் என்றால் தொடக்கத்தில் யூனிட்டி லோகோ வந்தே தீரும்; காசு கட்டியவர்கள் எடுத்துவிடலாம். விளைவு, நன்றாகச் சம்பாதித்த ஸ்டூடியோக்கள் லோகோவை மறைத்துவிட, கத்துக்குட்டிகளின் கேம்களில் மட்டும் அது பளிச்சென்று நின்றது. யூனிட்டி என்றாலே மட்டம் என்று பெயர் வாங்கியதில் அந்த லோகோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒலிக் கோப்பின் வடிவத்துக்கே காசு கேட்ட காலமும் இருந்தது. எம்பி3 காப்புரிமை உயிரோடிருந்தபோது, ஐயாயிரம் பிரதிக்கு மேல் போகும் ஒவ்வொரு கேமுக்கும் 2,500 டாலர் கட்டணம். ‘அன்ரியல் டோர்னமென்ட் 2004’ போன்ற கேம்கள் காசும் லோகோவும் கேட்காத ‘ஆக் வோர்பிஸ்’ வடிவத்தைப் பயன்படுத்தின. எம்பி3 உரிமத் திட்டம் 2017-ல் முடிந்துபோனது.

முழுக்க முழுக்க விளம்பரம் என்று சொல்லத்தக்கவை கிராபிக்ஸ் கார்டு கம்பெனிகளின் லோகோக்கள். என்விடியா, ஏஎம்டி இரண்டுமே கேம் ஸ்டூடியோக்களுக்குப் பொறியாளர்களை அனுப்பி உதவி, கூட்டாக விளம்பரமும் செய்தவை. கோபத்தைக் காட்ட வேண்டுமென்றால் அவற்றின்மேல் காட்டுங்கள்.

லோகோவையே சட்டப் பொறியாக வைத்த கதையும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேகா கம்பெனி, டிவியில் இணைத்து ஆடும் தன் ஜெனிசிஸ் கன்சோலில் ஒரு பூட்டு வைத்தது. கேம் கார்ட்ரிட்ஜுக்குள் ‘சேகா’ என்ற எழுத்துகள் இருந்தால்தான் கேம் ஓடும். இருந்தால், ‘சேகாவின் தயாரிப்பு அல்லது உரிமம் பெற்றது’ என்ற வாசகம் திரையில் தானாக வரும். உரிமம் இல்லாமல் கேம் செய்த அக்கலேட் என்ற கம்பெனி, கேம் ஓடுவதற்காக அந்த எழுத்துகளைச் சேர்த்தது. உடனே ‘எங்கள் வணிகப் பெயரைத் திருடிவிட்டார்கள்’ என்று சேகா வழக்குப் போட்டது. 1992-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அது சேகாவின் கேமோ என்று வாங்குபவர் குழம்புவதற்குக் காரணமே சேகாவின் பூட்டுதான் என்று சொல்லிவிட்டது.

சரி, உங்கள் பட்டனுக்கு வருவோம். ஒப்பந்தம் லோகோவைக் காட்டச் சொல்லலாம். அதைத் தாண்டவிடாமல் வைப்பது பல நேரம் ஸ்டூடியோவின் முடிவு. பின்னால் கேம் லோட் ஆகிக்கொண்டிருக்கும், வெறும் கறுப்புத் திரைக்குப் பதில் லோகோ ஓடும். அப்படியென்றால் லோகோவை எடுத்தாலும் காத்திருப்பு குறையாது, கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

எடுக்கும் வழி: கேமை ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் வாங்கியிருந்தால், முதலில் அதில் கேமின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியைப் பாருங்கள். ‘போர்ட்டல் 2’, ‘லெஃப்ட் 4 டெட் 2’ போன்ற, வால்வ் கம்பெனி செய்த கேம்களில் ஒரு சிறு கோடு போட்டு, ஒட்டியபடி என்-ஓ-வி-ஐ-டி என்ற ஐந்து எழுத்தை அடித்தால் போதும். அது நடக்காவிட்டால், கேம் இருக்கும் ஃபோல்டரில் மூவீஸ் அல்லது வீடியோ என்ற உள் ஃபோல்டரைத் தேடுங்கள். லோகோக்கள் அங்கே தனித்தனி வீடியோவாக இருக்கும். பி-ஐ-கே என்று முடிந்தால் அது ‘பிங்க்’ என்ற வீடியோ வடிவம். அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள். சில கேம்கள் கோப்பு இல்லையென்றால் நின்றுவிடும். அப்போது பழைய பெயரையே திரும்ப வையுங்கள். எல்லாம் குழம்பிப்போனால் ஸ்டீமிலேயே கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, அப்புறம் லோகோவும் திரும்பி வந்துவிடும்.

தனியாக ஆடும் கேமில் இதைச் செய்யலாம். ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடும் கேமின் கோப்புகளைத் தொடவே தொடாதீர்கள். ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் மென்பொருளுக்கு லோகோவை எடுத்தவரும் கோப்பைத் திருத்தியவர்தான், கணக்கே முடங்கலாம்.

வீட்டில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோலும் இருந்தால், அங்கே கோப்பைத் தொட வழியில்லை. ஆனால் ‘குயிக் ரெஸ்யூம்’ ஏற்கும் கேம்களை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் லோகோ எதுவும் இல்லாமல், விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்.