மனையை விற்றுத்தான் மென்பொருள் வேலைக்குப் போக வேண்டுமா?

விருதுநகர் மாவட்டத்தில் மளிகைக்கடை நடத்தும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கட்-ஆஃப் குறைவு என்பதால், சென்னையிலுள்ள தாய்மாமன் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்திருக்கிறார். நன்கொடை, கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து 16 லட்சம் ரூபாய் ஆகுமாம். அதில் 10 லட்சம் கடன். மீதிக்கு மனையை விற்பதாகத் திட்டம்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது, திட்டம் சரியில்லை. 10 லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 16,600 ரூபாய் வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேருவோரில் பெரும்பாலோருக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவரும் சம்பளமோ ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. அந்த நன்கொடை 1992ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி வாங்கவே கூடாத பணம் என்பதை மைத்துனரிடம் சொல்லுங்கள். மனை உங்கள் மகளுடைய படிப்புக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது.

கலந்தாய்வும் பி.சி.ஏ.வும் நீங்கள் அறிந்தவையே. கலந்தாய்வுப் பதிவை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாரும் பேசாத வழி ஒன்று உண்டு: ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2005இல் தொடங்கி நடத்திவரும் ஸோஹோ ஸ்கூல்ஸ். சென்னையிலும் தென்காசியிலும் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த இளைஞர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். படிப்பு இரண்டு ஆண்டுகள், கட்டணம் கிடையாது, மாதந்தோறும் உதவித்தொகையும் தருகிறார்கள். முதல் கட்டத்தில் நிரல் எழுதுதல், கணிதம், ஆங்கிலம். பிறகு நிறுவனத்தின் குழுக்களிலேயே உண்மையான மென்பொருளில் பயிற்சி. நன்றாகச் செய்பவர்களை அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். விண்ணப்பிப்போர் ஏராளம், இடங்கள் கொஞ்சம் என்பதையும், வயது வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

கல்லூரிப் பெயரை நம்புவோர், இத்தகைய நிறுவனங்களின் நேர்காணலில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கேட்டறிய வேண்டும். மாணவர்களிடையே பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் வினா ஒன்று: நான்கு டாக்சிகள், ஆறு நிறுத்தங்கள், அடுத்தடுத்த நிறுத்தங்களுக்கு இடையே 15 கிலோமீட்டர், பயணி அழைத்தால் காலியாக, அருகில் இருக்கும் வண்டியை அனுப்ப வேண்டும், இரண்டு வண்டிகள் சம தூரத்தில் இருந்தால் அதுவரை குறைவாகச் சம்பாதித்ததை அனுப்ப வேண்டும். சில மணி நேரத்தில் இதை ஓடும் நிரலாக எழுதிக் காட்ட வேண்டும். பாதியில் விதியை மாற்றினால், எழுதியது முழுவதையும் கலைக்காமல் அதைச் சேர்க்கத் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். சேர்ந்த பிறகும் வேலை இந்த வகைதான்: முதல் சில மாதங்கள் பிறர் எழுதிய நிரலைப் படித்து, சிறு பிழைகளைத் திருத்தி, மூத்தவர் வரிவரியாகச் சுட்டும் குறைகளைச் சரிசெய்து கழியும்.

உங்கள் மகன் கடையின் கடன் நோட்டைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதி, பாக்கி வைத்தவர் பட்டியலைத் தானே எடுத்துத் தந்தான் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் செய்தி, கட்-ஆஃப் அதற்கப்புறம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வழியில் பட்டம் கிடைக்காது. குரூப் 1, குரூப் 2 போன்ற தேர்வுகளுக்கும் வெளிநாட்டுப் பணி விசாவுக்கும் பட்டம் கேட்பார்கள். வேலையில் இருந்துகொண்டே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழி பி.சி.ஏ. முடித்துக்கொள்ளலாம், அந்தச் செலவைத் தன் சம்பளத்திலேயே அவன் கட்டிவிடுவான்.

அவனுக்கே இதில் விருப்பமில்லை, கல்லூரிதான் வேண்டும் என்றால் வற்புறுத்தாதீர்கள். அப்போதும் கலந்தாய்வில் கிடைக்கும் இடம் போதும், கடன் வாங்கிய இடம் வேண்டாம். மைத்துனர் கேட்கும் முன்பணத்தை அவனிடம் பேசாமல் கட்டிவிடாதீர்கள்.