கருக்கலைப்பு பற்றிப் பேசினாலே சண்டை வருகிறது, என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் பன்னிரண்டு பேர். கருக்கலைப்பு என்று பேச்சு வந்தாலே இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறோம். போன முறை ஒருவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அடுத்த கூட்டத்தை நான்தான் நடத்த வேண்டும். இரண்டு தரப்பும் ஒத்துப்போகிற இடம் என்று ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. ஆனால் எல்லோரும் தேடுகிற இடத்தில் இல்லை. பன்னிரண்டு வாரமா இருபது வாரமா என்று நடுவில் ஒரு கோடு கிழிக்கத்தான் முதலில் தோன்றும். கருவை முழு உயிராக நினைப்பவருக்கு அது பேரம் பேசுவது போல. என் உடல், என் முடிவு என்பவருக்கும் அப்படித்தான். அந்தக் கோட்டை விட்டுவிட்டு, கர்ப்பத்துக்கு முன்னும் பிரசவத்துக்குப் பின்னும் என்ன நடக்கிறது என்று பேச வையுங்கள்.

அதற்கு முன் ஒரு பழைய கதை. 1994 டிசம்பர் 30-ல், அமெரிக்காவின் பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில், கருக்கலைப்பு செய்யும் இரண்டு மருத்துவமனைகளில் ஒருவன் சுட்டதில் வரவேற்பில் இருந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, இரு தரப்பையும் முன்னின்று நடத்திய ஆறு பெண்கள், பக்கத்துக்கு மூன்று பேராக, ரகசியமாகச் சந்திக்கத் தொடங்கினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல், 150 மணி நேரத்துக்கும் அதிகமாகப் பேசினார்கள். 2001 ஜனவரியில்தான் இதை பாஸ்டன் குளோப் நாளிதழில் வெளியே சொன்னார்கள். ஒருவர்கூடத் தன் நிலையிலிருந்து மாறவில்லை. இன்னும் உறுதியானோம் என்றே எழுதினார்கள். ஆனால் வன்முறையை ஆதரித்த ஒருவர் வெளியூரிலிருந்து கிளம்பி வரப் பார்த்தபோது, நீங்கள் வர வேண்டாம் என்று தடுத்தவர்கள் கருக்கலைப்பை எதிர்த்த அந்தப் பெண்கள்தான். உங்கள் கூட்டத்திலும் மனமாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அந்த ஆறு பேரும் முதலில் சிக்கியது வார்த்தைகளில். நமக்கும் அதே தொல்லைதான். 'சிசு' என்றால் ஒருவருக்குத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை, இன்னொருவருக்கு வயிற்றில் வளர்வது. அதனால் 'கரு' என்றே பேசுவோம் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 'கொலைகாரர்', 'பழமைவாதி' இரண்டையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இன்னொன்று, 'வேண்டாத குழந்தை' என்ற சொல்லைத் தவிருங்கள். "உன்னைக் கலைத்துவிடத்தான் நினைத்தோம்" என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர் ஒருவர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம். எதிர்பாராத கர்ப்பம் என்பது வேறு, பிறந்துவிட்ட பிள்ளை வேறு.

சரி, கர்ப்பத்துக்கு முன்னால் என்ன? உலகில் ஆண்டுக்குச் சுமார் 12 கோடி கர்ப்பங்கள் திட்டமிடாமல் உண்டாகின்றன என்றும், அவற்றில் ஏறக்குறைய 60 சதவீதம் கருக்கலைப்பில் முடிகின்றன என்றும் 2015-19 காலத்துக்கான மதிப்பீடு சொல்கிறது. இந்த முதல் எண்ணிக்கை குறைந்தால் வருத்தப்படுபவர் உங்கள் குழுவில் யாரும் இருக்க மாட்டார்கள். நடைமுறையில் கருத்தடை மாத்திரை உபயோகிக்கும் 100 பெண்களில் ஆண்டுக்கு ஏழு பேர் கருத்தரிக்கிறார்கள், ஆணுறையில் 13 பேர். காப்பர்-டி, கையில் வைக்கும் இம்ப்ளான்ட் போன்றவற்றில் ஒருவருக்கும் குறைவு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2009 முதல் இவற்றை இலவசமாகவோ குறைந்த விலையிலோ கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் பதின்வயதுப் பிரசவங்கள், கருக்கலைப்புகள் இரண்டுமே ஏறக்குறைய பாதியாயின. (நாடு முழுக்கவே அப்போது குறைந்துகொண்டுதான் இருந்தது, முழுப் பெருமையையும் திட்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது.)

இங்கே ஒரு தடங்கல் வரும். கருத்தடையையே நம்பிக்கை சார்ந்து ஏற்காதவர்கள் உண்டு. அவர்களை வற்புறுத்த வேண்டாம். அவசரக் கருத்தடை மாத்திரையையும் கருக்கலைப்பு மாத்திரையையும் சிலர் ஒன்றாக நினைப்பார்கள். முன்னது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது. ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தை அது கலைக்காது. இதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை அடங்கும்.

பிரசவத்துக்குப் பின்னால்தான் இரண்டு தரப்புக்கும் சங்கடமான கேள்விகள் இருக்கின்றன. தடை போட்டால் போதும் என்பவரிடம் ருமேனியாவைச் சொல்லுங்கள். அங்கே 1966-ல் கருக்கலைப்பைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்தார்கள். மறு ஆண்டே பிறப்புகள் இரட்டிப்பை நெருங்கின. அப்புறம் மக்கள் மறைவான வழிகளைத் தேடினார்கள். பிறப்பும் இறங்கியது, தாய்மார் சாவும் ஏறியது. 1989 டிசம்பரில் தடை நீங்கிய பிறகு அந்தச் சாவுகள் வேகமாகக் குறைந்தன. "தத்துக் கொடுத்துவிடலாமே" என்பவருக்கும் ஒரு தகவல் உண்டு. கருக்கலைப்பு மறுக்கப்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு அமெரிக்க ஆய்வில், பெற்றெடுத்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேர்தான் அப்படிச் செய்தார்கள். மற்றவர்கள் தாங்களே வளர்த்தார்கள். அந்த வளர்ப்புக்கு யார் தோள் கொடுப்பது?

என் உடல், என் முடிவு என்பவரிடமும் கேளுங்கள்: வேலை போய்விடும், வாடகை கட்ட முடியாது என்ற பயத்தில் கலைப்பவளுக்கு அது எந்த அளவுக்குச் சுதந்திரமான தேர்வு? பிரசவ விடுப்பு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடம், பொறுப்பைத் தட்டிக்கழிக்காத அப்பா என்று பேச்சு இந்தப் பக்கம் வந்தால், யார் எந்த அணி என்பதே சற்று நேரம் மறந்துபோகும். நான் நடத்திய கூட்டங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தை விவாதமாக நடத்தாதீர்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், குறுக்கீடு கூடாது. முதல் சுற்றில் "இந்தக் கருத்துக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள்?" என்று கேளுங்கள், இரண்டாவதில் "உங்கள் நிலையிலேயே உங்களுக்குச் சந்தேகம் வரும் இடம் எது?" என்று. சொந்த அனுபவத்தைச் சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். சொன்னால் அது அறையைத் தாண்டக்கூடாது.

எழுந்து போனாரே, அவரிடம் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் பேசிவிடுங்கள். வாருங்கள் என்று அழைப்பதற்கு முன்னால், அன்று எந்தச் சொல் குத்தியது என்று கேளுங்கள்.