தம்பியின் ஃபிராட்டர்னிட்டி நண்பர்கள் நடத்தும் நினைவுச் சடங்கு: அப்பா வர மறுக்கிறார்

வாசகியின் கடிதம்: சிகாகோவை ஒட்டிய நேப்பர்வில்லில் இருக்கிறோம். போன மார்ச்சில் என் தம்பி கார் விபத்தில் போய்விட்டான். வயது 24. காரியங்களை எல்லாம் எங்கள் முறைப்படி செய்து முடித்தோம். கல்லூரியில் அவன் ஒரு ஃபிராட்டர்னிட்டியில், அதாவது மாணவர்களின் சகோதரச் சங்கம் ஒன்றில், இருந்தான். அக்டோபரில், பழைய மாணவர்கள் கல்லூரிக்கு வந்து கூடும் ஹோம்கமிங் வார இறுதியில் அவனுக்கு நினைவுச் சடங்கு நடத்தப் போவதாகவும், குடும்பத்தோடு வர வேண்டும் என்றும் அந்தப் பையன்கள் எழுதியிருக்கிறார்கள். அவனுடைய ஃபிராட்டர்னிட்டி பின், சட்டையில் குத்திக்கொள்ளும் சங்கச் சின்னம், எங்கள் பூஜை அறையில் இருக்கிறது. அதை என்ன செய்யப் போகிறோம் என்றும் கேட்கிறார்கள். அம்மாவுக்குப் போக ஆசை. அப்பாவோ, "குடித்துக் கூத்தடிக்கிற கும்பல். என் பிள்ளைக்குச் சடங்கு செய்ய அவர்கள் யார்?" என்று முடித்துவிட்டார். தன் காரைக்குடி ஹாஸ்டல் நண்பர்களோடு தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவர் அவர். இதை மட்டும் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வீட்டு இழப்புக்கு நான் எழுதுகிற எந்த வார்த்தையும் ஈடாகாது. நீங்கள் கேட்டதற்கு நேராக வருகிறேன். போங்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். அப்பாவையும் அழைத்துப் போக முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முதலில் அவர் சொல்வதில் இருக்கும் நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஃபிராட்டர்னிட்டி என்றதும் அவருக்குக் குடியும் கூத்தும் நினைவுக்கு வருவது சும்மா இல்லை. 2017-இல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், புதிதாகச் சேர்ந்த 19 வயது மாணவர் ஒருவரை அளவுக்கு மீறிக் குடிக்க வைத்தார்கள். அவர் படிக்கட்டில் விழுந்து அடிபட்டுக் கிடந்தபோது பல மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக்கூட அழைக்கவில்லை. அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் ராகிங் சட்டத்தைக் கடுமையாக்கியது. இப்படிப்பட்ட செய்திகளைப் படித்த எந்தத் தகப்பனும் அப்படித்தான் பேசுவார். "நீங்க சொல்றது தப்புப்பா" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அவருக்குத் தெரியாத இன்னொரு பக்கத்தைச் சொல்லுங்கள். இறந்தவரை மறக்காமல் இருப்பது இந்தச் சங்கங்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்று. கல்லூரிச் சங்கங்கள் தங்கள் வழக்கங்களில் பலவற்றை மேசன், ஆட் ஃபெல்லோஸ் போன்ற பழைய சகோதரச் சங்கங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவை. ஆட் ஃபெல்லோஸ் சங்கம் 1819-இல் பால்டிமோர் நகரில் அமெரிக்காவில் வேரூன்றியது. நோயாளியைப் போய்ப் பார்ப்பது, கஷ்டப்படுகிறவருக்கு உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, அநாதைக் குழந்தையைப் படிக்க வைப்பது என்று நான்கு கடமைகளை அது உறுப்பினர்களுக்கு வைத்தது. பிழைப்புத் தேடிச் சொந்தபந்தம் இல்லாத ஊருக்கு வந்தவர்கள் நிறைந்த நாடு அமெரிக்கா. அங்கே ஒருவர் செத்துப்போனால் தூக்கிப் போட யார் இருந்தார்கள்? சங்கத்து ஆட்கள்தான் இருந்தார்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. சிகாகோவில் லிங்கன் பார்க் எதிரே பெரிய குவிமாடத்தோடு நிற்கும் எல்க்ஸ் நினைவகத்தைக் காரில் போகும்போது பார்த்திருப்பீர்கள். முதல் உலகப்போரில் இறந்த தங்கள் உறுப்பினர்களுக்காக எல்க்ஸ் என்ற சகோதரச் சங்கத்தார் கட்டி 1926-இல் திறந்தது அது. 1868-இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்தச் சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. இரவு 11 மணி ஆனால் எந்தக் கொண்டாட்டமாக இருந்தாலும் நிறுத்திவிட்டு, பதினொரு முறை மணி அடித்து, இப்போது நம்மோடு இல்லாத சகோதரர்களை நினைக்கிறார்கள். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு நினைவு நாள். சிகாகோவை ஒட்டிய எவான்ஸ்டனில் சிக்மா ஆல்ஃபா எப்சிலான் என்ற கல்லூரி ஃபிராட்டர்னிட்டி, போரில் இறந்த உறுப்பினர்களின் நினைவாக ஒரு கோயில் மாதிரியான கட்டடத்தையே எழுப்பி 1930-இல் திறந்தது.

உங்கள் தம்பியின் சங்கம் எது என்று நீங்கள் எழுதவில்லை. பல சங்கங்களில் இறந்த உறுப்பினர்களுக்கென்று ஒரு பெயர் வைத்திருப்பார்கள். இந்தச் சங்கங்களின் கிளைகளுக்குச் சாப்டர் என்று பெயர். சிக்மா கை போன்றவற்றில் இறந்தவர் 'சாப்டர் எடர்னல்' என்ற கிளைக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். சங்கப் பத்திரிகையில் அந்தத் தலைப்பின் கீழ் பெயரை அச்சிடுவார்கள். ஃபை காமா டெல்ட்டாவில் 'அட் ஆஸ்ட்ரா' என்பார்கள், நட்சத்திரங்களிடம் போய்விட்டார் என்று பொருள். கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, ஒமேகா சை ஃபை போன்ற சங்கங்களில் 'ஒமேகா சாப்டர்' என்பது இறந்தவர்களுக்கு மட்டுமே உரியது. அந்தப் பெயரில் உயிரோடிருப்பவர்களின் கிளை எங்கும் கிடையாது. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற பெண்கள் சங்கத்தில் 'ஐவி பியாண்ட் த வால்', மதிலுக்கு அப்பால் படர்ந்த ஐவிக் கொடி என்பார்கள். ஆக, செத்த பிறகும் உறுப்பினர்தான். பட்டியலில் இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

இதில் என்னை மிகவும் தொட்டது மார்ட்டின் லூதர் கிங் விஷயம். பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது, 1952-இல், அவர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர்ந்தார். 1968-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் அமைக்க வேண்டும் என்று 1984-இல் முதலில் கேட்டது அவருடைய ஃபிராட்டர்னிட்டிக்காரர்கள். நாடாளுமன்ற அனுமதி 1996-இல்தான் கிடைத்தது. அப்புறம் இடம், நிதி என்று அலைந்து, 2011-இல் நினைவிடம் திறக்கப்பட்டது. 27 வருஷம் விடாமல் நின்றிருக்கிறார்கள். அப்பாவிடம் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

சரி, அக்டோபரில் என்ன நடக்கும்? சங்கத்துக்குச் சங்கம் மாறும். பொதுவாக, பலருக்கு இரண்டு விதமான சடங்குகள் உண்டு. ஒன்று உறுப்பினர்கள் மட்டும் உள்ளே இருந்து நடத்துவது. இன்னொன்று குடும்பத்தாரை வைத்துக்கொண்டே நடத்துவது. உங்களை அழைத்திருப்பதால் இது இரண்டாவதாகத்தான் இருக்கும். சங்கத்தின் மலரை வைப்பார்கள், பெயரைப் படிப்பார்கள், சங்கப் பாட்டைப் பாடுவார்கள், நண்பர்கள் சிலர் பேசுவார்கள். சில சங்கங்களின் சடங்கில் பைபிள் வசனங்கள் வரும். அதனால் என்ன படிக்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒவ்வாத வரி இருந்தால் விட்டுவிடச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. அம்மாவோ நீங்களோ ஒரு தேவாரம் பாடுவதற்கு இடம் கேளுங்கள். குடும்பம் இருக்கும் நேரத்தில் மது வேண்டாம் என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். இதையெல்லாம் இன்று மாணவராக இருக்கும் தலைவரிடம் மட்டும் பேசாதீர்கள். ஒவ்வொரு கிளைக்கும் பட்டம் முடித்த ஆலோசகர் ஒருவர் இருப்பார். அவருக்கும் ஒரு நகல் போகட்டும்.

அப்பாவின் கேள்வியில் உண்மையான வலி ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைத் தானே தன் கையால் செய்து முடித்தவர் அவர். தகப்பனுக்கு அதைவிடப் பெரிய கொடுமை கிடையாது. இப்போது இன்னொருவர் வந்து சடங்கு என்று சொன்னால், தான் செய்தது போதவில்லையா என்றுதான் அவர் காதில் விழும். திதியும் தர்ப்பணமும் அவருடையவை, அதில் யாரும் பங்கு கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். அப்புறம் அந்தக் காரைக்குடி ஹாஸ்டலைப் பற்றிப் பேசுங்கள். அந்த நண்பர்களில் யாராவது தவறிப்போனபோது மற்றவர்கள் ஊர் விட்டு ஊர் வந்து அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்களே, அந்த வீட்டுப் பெரியவர் 'நீங்கள் யார்' என்று கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? உங்கள் தம்பியோடு நான்கு வருஷம் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டுத் தூங்கிய பையன்களுக்கு அழ ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அவர்களுக்கும் 24, 25 வயதுதான். அவர்களில் பலருக்கு இதுவே முதல் சாவாக இருக்கலாம்.

இன்னொன்று, இது அப்பாவை அசைக்கும் என்று நம்புகிறேன். அந்த நான்கு வருஷத்துத் தம்பியை உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு அவன் யாருக்குச் சமைத்துப் போட்டான், யாருடைய கணக்குப் பாடத்துக்கு உதவினான் என்பதெல்லாம் அந்தப் பையன்களிடம் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி, சடங்குக்கு முன்பே அப்பா பெயருக்குத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், கையால் எழுதிய கடிதம். அதைப் படித்த பிறகு அவரிடம் வருகிறீர்களா என்று கேளுங்கள்.

அந்தப் பின்னைப் பற்றி. பல சங்கங்களில் அது உறுப்பினருக்கு ஆயுள் வரை கொடுக்கப்பட்ட சங்கத்தின் சொத்து. இறந்த பிறகு உடலோடு அடக்கம் செய்வார்கள் அல்லது திருப்பிக் கொடுப்பார்கள். அதனால்தான் கேட்கிறார்கள், பேராசையால் இல்லை. விதி என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள். குடும்பம் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது பூஜை அறையிலேயே இருக்கட்டும். திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால், தபாலில் அனுப்பாதீர்கள். அம்மா தன் கையால் அந்த மேடையில் கொடுக்கட்டும், அவன் படத்தோடு அதைக் கண்ணாடிச் சட்டத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அவன் பெயரில் உதவித்தொகை தொடங்கலாம் என்ற பேச்சு வந்தால், பணத்தை உள்ளூர்க் கிளையின் கணக்கில் போடாதீர்கள். கிளைக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரிச்சலுகை கிடையாது. பெரும்பாலான தேசியச் சங்கங்களுக்குத் தனியாக ஒரு கல்வி அறக்கட்டளை இருக்கிறது. அதற்குக் கொடுத்தால் சலுகையும் உண்டு, வருஷா வருஷம் கணக்கும் வரும்.

கடைசி வரை அப்பா மறுத்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். நீங்களும் அம்மாவும் போய்வாருங்கள். நிகழ்ச்சியை முழுதாக வீடியோ எடுக்கச் சொல்லி வாங்கி வையுங்கள், அவர் கேட்கிற நாளில் கொடுக்கலாம். அந்தப் பையன்களுக்கு இந்த வாரமே பதில் எழுதிவிடுங்கள். இரண்டு பேர் நிச்சயம், மூன்றாவது நாற்காலியும் போட்டு வையுங்கள் என்று எழுதுங்கள்.