ஐந்து பேர், நான்கு பெட்டி: லிட்டில் இந்தியாவிலிருந்து கப்பலுக்கு எப்படிப் போவது?

கேள்வி: மதுரையிலிருந்து சிங்கப்பூர் வருகிறோம். நான், கணவர், 10 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள 72 வயது அத்தை. சிராங்கூன் சாலைப் பக்கம் ஓட்டலில் மூன்று நாள் தங்கிவிட்டு, நான்கு இரவுக் கப்பல் பயணம். திரும்பி வந்து அதே ஓட்டலில் ஒரு நாள், பிறகு ஊருக்கு. பெரிய பெட்டி நான்கு இருக்கிறது. எம்ஆர்டி ரயிலில் போய்விடலாமா, வேன் சொல்ல வேண்டுமா? காலையிலேயே கிளம்ப வேண்டுமா?

பதில்: வண்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன், டிக்கெட்டை எடுத்து உங்கள் கப்பல் எந்த முனையத்தில் நிற்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் முனையம் இரண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்டில், விவோசிட்டி கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் உள்ள சிங்கப்பூர் குரூஸ் சென்டர். மற்றொன்று மரினா பே குரூஸ் சென்டர். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து சென்டோசாவுக்குக் கேபிள் கார் ஓடுகிறது. 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் அந்தக் கம்பிக்கு அடியில் நுழைய முடியாது. அதனால்தான் பெரிய கப்பல்களுக்கென்று 2012ல் மரினா பே முனையத்தைத் திறந்தார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் அனுப்பிவைத்த ஒரு குடும்பம் டாக்ஸியில் ஏறி "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொன்னது. ஓட்டுநர் ஹார்பர்ஃபிரண்டில் கொண்டுபோய் இறக்கினார். அவர் மேல் பிழையே இல்லை, அந்த இடத்தின் பெயரே அதுதான். பெட்டிகளை இறக்கி, டாக்ஸியும் போன பிறகுதான் கப்பல் அங்கே இல்லை என்று தெரிந்து என்னைக் கூப்பிட்டார்கள். கவுன்டர் மூட 20 நிமிடம் இருக்கும்போது மரினா பே போய்ச் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து முனையத்தின் முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மரினா பே சேண்ட்ஸ் ஓட்டல், மரினா பே ரயில் நிலையம், மரினா சவுத் பியர் படகுத்துறை எல்லாமே வேறு வேறு இடங்கள்.

எம்ஆர்டி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஹார்பர்ஃபிரண்ட் என்றால் லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து மாறாமல் நேராகப் போகலாம். கையில் ஒரு பெட்டியோடு வரும் இளைஞர்களுக்கு அதையே சொல்வேன். மரினா பே என்றால் தோபி காட்டில் இறங்கி, நீண்ட நடைபாதையும் நகரும் படிகளும் கடந்து வேறு தடத்துக்கு மாறி, மரினா சவுத் பியரில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். நிலையங்களில் மின்தூக்கி உண்டு. ஆனாலும் உங்கள் அத்தையின் முழங்காலை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது: திரும்பி வந்து தங்கப்போவது அதே ஓட்டல். அப்படியானால் நான்கு பெட்டியையும் கப்பலுக்கு இழுத்துக்கொண்டு போவானேன்? முஸ்தபா கடையில் வாங்கியது, ஊருக்குக் கொண்டுபோகும் சாமான் எல்லாவற்றையும் இரண்டு பெட்டியில் அடைத்துப் பூட்டி ஓட்டல் வரவேற்பில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு நாள் வைத்துக்கொள்வார்களா, கட்டணம் உண்டா என்று அறை எடுக்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். கப்பலுக்கு இரண்டு பெட்டி தாராளம்.

இனி வண்டி. இங்கே ஆளை எண்ணி வண்டி பிடிப்பதைவிடப் பெட்டியை எண்ணிப் பிடிப்பதே சரி. சாதாரண டாக்ஸியில் நான்கு பேர்தான் ஏறலாம். டிக்கியில் பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் நுழையாது. கிராப் எனும் வாடகைக் கார் செயலியில் வரும் காரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்குக் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை கட்டாயம். உங்கள் ஆறு வயதுக் குழந்தைக்கு அது வேண்டியிருக்கும். இருக்கை இல்லாத ஓட்டுநர் குழந்தையைப் பார்த்ததும் ஏற்ற மறுத்துவிடுவார். டாக்ஸிக்கு அந்த விதி இல்லை. ஆகவே இரண்டு டாக்ஸி பிடியுங்கள். ஒன்றில் நீங்கள், அத்தை, சின்னது. இன்னொன்றில் கணவரும் பெரியதும். வண்டிக்கொரு பெட்டி, அவரவர் பாஸ்போர்ட் அவரவர் வண்டியில். நெரிசல் இல்லையென்றால் மரினா பே போக 15, 20 நிமிடம். எல்லோரும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்றால் மேக்ஸிகேப் எனும் ஏழு இருக்கை டாக்ஸியை முதல் நாளே ஓட்டலில் சொல்லி ஏற்பாடு செய்யலாம், கட்டணம் கூடுதல்தான். வருவது தனியார் வேன் என்றால் குழந்தை இருக்கையும் கேட்டு வாங்குங்கள். ஓட்டல் உள் தெருவில் இருந்தால் வண்டி வாசல்வரை வருமா என்று பாருங்கள். கேம்பல் லேன் நடப்பவர்களுக்கு மட்டுமே. மழை பிடித்துக்கொண்டால் டாக்ஸி கிடைப்பது கஷ்டம், அரை மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையிலேயே போகாதீர்கள். காலையில் அதே கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இறங்கிக்கொண்டிருப்பார்கள். உங்கள் டிக்கெட்டில் செக்-இன் நேரம் போட்டிருக்கும், அதற்குப் போனால் போதும். அறையைக் காலி செய்து, பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆனால் கப்பல் புறப்பட ஒன்றரை மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடும் நிறுவனங்கள் உண்டு, பிந்திவிடாதீர்கள்.

முனையத்தில் முதலில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அறை எண் போட்ட அட்டையை முதல் நாளே அச்சிட்டு, மடித்து, கைப்பிடியில் ஸ்டேப்ளர் அடித்து ஒட்டிவிடுங்கள். கொடுத்த பெட்டி உங்கள் அறைக்கு வர இரவு எட்டுகூட ஆகலாம். அதனால் பாஸ்போர்ட், அத்தையின் மாத்திரை, பிள்ளைகளின் நீச்சல் உடை, ஆளுக்கொரு மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி வைத்தால் ஸ்கேனரில் தெரிந்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். கட்டிக்கொண்டு போகும் புளிசாதத்தையும் பெரும்பாலான கப்பல்களில் விடமாட்டார்கள். உறை பிரிக்காத முறுக்கு, பிஸ்கட் பரவாயில்லை. அத்தைக்கு முனையத்தில் சக்கர நாற்காலி வேண்டும் என்று கப்பல் நிறுவனத்துக்கு இப்போதே எழுதிவிடுங்கள்.

விசாவையும் பாருங்கள். கப்பல் ஏறினால் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பி நுழைய, பலமுறை நுழையும் விசா வேண்டும். எஸ்ஜி அரைவல் கார்டு எனும் இணைய வருகைப் படிவத்தையும் மறுபடி நிரப்ப வேண்டும். அதை வந்துசேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். நான்கு இரவுப் பயணத்தில் அந்த நாள் வரும்போது நீங்கள் கடலில் இருப்பீர்கள், கப்பல் வைஃபைக்குப் பெரும்பாலும் தனிக் காசு. பயணத்தின் மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ ஏதாவது துறைமுகத்தில் கப்பல் நின்றால், கரையில் போன் இணைப்பு கிடைக்கும்போதே ஐந்து பேருக்கும் நிரப்பிவிடுங்கள், கட்டணம் கிடையாது. நிற்காவிட்டால் ஒரு நாள் வைஃபை வாங்கிவிடுங்கள்.